ஒரு வருஷத்துக் குழம்புப்பொடி

"வீட்ல இருக்கிற சாமானை வச்சே அரைச்சிரலாமே, கடையில போய் எதுக்கு வாங்குற?" இப்படிக் கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள். ஊரிலிருந்து போன் செய்தால் கேட்கிறார்கள். தொலைக்காட்சியில் டாக்டர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். மல்லி இருக்கிறது, மிளகாய் வத்தல் இருக்கிறது, மிளகும் சீரகமும் வெந்தயமும் அஞ்சறைப்பெட்டியில் இருக்கின்றன, பருப்பு டப்பாவில் இருக்கிறது. வறுத்து அரைத்தால் பொடி, இதில் என்ன கஷ்டம் என்பது அவர்கள் வாதம்.

அஞ்சறைப்பெட்டியில் இருப்பதை எடுத்து ஒரு வேளைக் குழம்புக்கு வறுத்து அரைப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. பத்து நிமிஷ வேலை. ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷம் வரவேண்டிய பொடியை வண்டு விழாமல், கட்டி தட்டாமல், நிறமும் மணமும் போகாமல் செய்து டின்னில் அடைப்பது வேறு வேலை. செய்முறை என் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என் மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அதற்குச் சுத்தமான சரக்கு வேண்டும். வெயில் வேண்டும், வெயில் விழுகிற இடம் வேண்டும். மில் வேண்டும். மில்லில் போய்க் காத்துக்கிடக்க ஒரு பகல் வேண்டும். இத்தனையையும் ஒவ்வொன்றாக எங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "இந்தக் காலத்துப் பொம்பளைகளுக்குச் சோம்பேறித்தனம்" என்று சொன்னால் எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது.

அளவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கொஞ்சம்", "ஒரு கை", "பார்த்துப் போட்டுக்கோ" என்று சொல்லிச் சொல்லியே புதிதாகச் செய்யவரும் பிள்ளைகளை நாமே பயமுறுத்தி வைத்திருக்கிறோம். அரைக் கிலோ வத்தலுக்கு ஒரு கிலோ மல்லி. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் நூறு நூறு கிராம். சீரகம் 100 கிராம், மிளகு 75, வெந்தயம் 40. விரலி மஞ்சள் 75 கிராம். புழுங்கலரிசி 50 கிராம். நிழலில் காய்ந்த கறிவேப்பிலை 25 கிராம், கட்டிப் பெருங்காயம் 20 கிராம். மில்லில் ஒட்டியது போக இரண்டு கிலோ பொடி கிடைக்கும். நாலு பேர் இருக்கும் வீட்டில் இதைப்போல் இரண்டு பங்கு அரைத்தால் ஒரு வருஷம் ஓடும். இது கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டு அளவு. தஞ்சாவூர்க்காரர்கள் பருப்பைக் கூட்டிப் போடுவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் சோம்பு சேரும். யாழ்ப்பாணத்தில் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்துக் கரும்பழுப்பாக வறுத்துத் தூள் இடிப்பார்கள். அளவு ஊருக்கு ஊர் மாறும். காயவைப்பதும் வறுப்பதும் அரைப்பதும் எல்லோருக்கும் பொது.

சரக்கிலிருந்தே தொடங்குகிறேன். வத்தல் வாங்கப் போனால் இன்று சென்னைக் கடைகளில் "நீளம்", "குண்டு", "காஷ்மீரி" என்று மூன்று சாக்கு இருக்கும். நீளம் என்பது பெரும்பாலும் குண்டூர். குண்டு என்பது ராமநாதபுரத்து முண்டு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய வத்தல் அது, தோல் கெட்டி, காரம் நிதானம், குழம்புக்கு நல்ல உடம்பு கொடுக்கும். காஷ்மீரி என்று சொல்லிப் பல கடைகளில் விற்பது கர்நாடகத்து பேடகி. சுருங்கல் தோல், அபார நிறம், காரம் கம்மி. நீளமும் குண்டும் சரிபாதி, நிறத்துக்கு ஒரு பிடி பேடகி என்று கலந்தால் பொடி நன்றாக வரும். இதெல்லாம் தெரிந்துதான் போகிறேன். கடையில் சாக்குக்குள் கையை விட்டால் வத்தல் துவண்டு கிடக்கிறது. காய்ந்த வத்தலைக் கையில் அள்ளினால் கலகலவென்று விதை ஆடும் சத்தம் கேட்க வேண்டும். இது அமுக்கினால் அமுங்குகிறது. எடை நிற்பதற்காகத் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரியும், விற்கிறவர்களுக்கும் தெரியும். வத்தலில் 11 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதைக் கடைச் சாக்கில் யார் வந்து அளந்து பார்க்கிறார்கள்?

ஈரம் என்பது எடையில் ஏமாற்றுவதோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த ஈரத்தில் வத்தலுக்கு உள்ளே பூஞ்சணம் பிடிக்கிறது. வெளியே சிவப்பாகப் பளபளவென்று இருக்கும். காம்பைக் கிள்ளி நடுவே பிளந்தால் விதையைச் சுற்றி சாம்பல் நிறத்தில் நூல் நூலாகப் படர்ந்திருக்கும். அந்தப் பூஞ்சணத்தில் ஒரு வகை அஃப்ளடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுக்கிற விஷம். வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் அது முழுதாகப் போகாது. ஆகவே ஒவ்வொரு வத்தலாகப் பிளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ வத்தலை உட்கார்ந்து பிளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், விரல் நுனி ராத்திரி முழுக்க எரிவது. பால் குடிக்கிற குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் கையோடு எப்படிப் பிள்ளையைத் தூக்குவாள் ஒரு பெண்? விளைந்த இடத்திலும் குடோனிலும் மொத்தக் கடையிலும் கழித்திருக்க வேண்டிய சொத்தையை, கடைசியில் வீட்டுக்கூடத்தில் பேப்பரை விரித்து நான் கழிக்கிறேன். கழித்த வத்தலுக்கும் நான்தான் காசு கொடுத்திருக்கிறேன்.

மல்லி இன்னும் மோசம். எங்கள் கரிசல் காட்டில் விளாத்திகுளம், புதூர் பக்கம் இன்றைக்கும் மானாவாரியில் மல்லி விதைக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு விதைத்துத் தை, மாசியில் எடுப்பார்கள். அது பழுப்பு கலந்த மங்கல் பச்சையில் இருக்கும், சின்ன மணி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் மணம் மூக்கைத் தூக்கும். சென்னையில் எனக்குக் கிடைப்பது வடக்கேயிருந்து வரும் பெரிய மணி. ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் குஜராத்திலும் நல்ல மல்லி விளைகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். கடைக்காரர் "கிரீன் மல்லி, கிலோவுக்கு முப்பது ரூபா கூட" என்று எடுத்துக்காட்டுகிற சரக்கின் நிறத்தைத்தான் சொல்கிறேன். காய்ந்த விதைக்கு அத்தனை பச்சை எங்கிருந்து வரும்? கந்தகப் புகை போட்டால் வரும். பையைத் திறந்ததும் தீப்பெட்டி மருந்து வாடை அடித்தால் நான் வாங்குவதில்லை. ஆனால் மங்கலாக இருக்கும் மல்லியைப் பழசு என்று நினைத்து ஒதுக்கிவிட்டுப் பச்சையைக் கூடுதல் விலைக்கு வாங்கிப்போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நிறத்தைப் பார்த்து வாங்கப் பழக்கிவிட்டார்கள். மூக்கால் வாங்க வேண்டிய பொருள் அது. போதாக்குறைக்கு குச்சியும் மண்ணும் கல்லும். ஒரு கிலோ புடைத்தால் ஒரு கைப்பிடி கழிவு நிச்சயம். முறத்தில் புடைக்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். அடுக்குமாடி வீட்டில் புடைக்கிற தூசி எங்கே போகும்? பக்கத்து வீட்டு பால்கனிக்குத்தான்.

மஞ்சளைப் பற்றிச் சொல்ல வந்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈரோடு இருக்கும் இதே மாநிலத்தின் தலைநகரத்தில், பெரிய பெரிய பல்பொருள் அங்காடிகளில் விரலி மஞ்சள் கேட்டால் தூள் பாக்கெட்டை நீட்டுகிறார்கள். முழு மஞ்சள் என்றால் பூஜைச் சாமான் வரிசையைக் காட்டுகிறார்கள். அங்கே இருப்பது கையில் எடுத்தால் மஞ்சளாக ஒட்டுகிற, மெருகேற்றிய கிழங்கு. மெருகு எதனால் ஏற்றினார்கள் என்று அந்த அட்டையில் எழுதியிருக்காது. மஞ்சளை அவித்துக் காயவைத்து உருளையில் போட்டுச் சுழற்றித் தோலை எடுப்பது வழக்கமான வேலைதான். அந்த நேரத்தில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் என்ற சாயத்தைத் தூவுகிற பழக்கம் தெற்காசியாவில் இருந்திருக்கிறது என்பது ஆராய்ச்சிகளில் வெளிவந்த விஷயம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சாம்பாருக்குள் போகிற பொருளில் அது இருக்கலாமா?

பங்களாதேஷில் இதே பிரச்சினை இருந்தது. 2019இல் அங்கே சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் தெரிந்தது. அரசாங்கமும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து பத்திரிகையில் எழுதி, மொத்தச் சந்தையில் எச்சரிக்கை ஒட்டி, கையில் பிடிக்கிற எக்ஸ்ரே கருவியோடு டாக்கா மொத்தச் சந்தைக்கே போய், கலப்படச் சரக்கு வைத்திருந்த வியாபாரிகளுக்கு எல்லோர் முன்னாலும் அபராதம் போட்டார்கள். 2021இல் அந்த 47 பூஜ்யமானது. இரண்டே வருஷம். செய்ய முடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நம் ஊரில் எங்களுக்குச் சொல்வதெல்லாம், கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மஞ்சளைப் போட்டுப் பார், மிளகாய்த்தூளைப் போட்டுப் பார், சாயம் இறங்கினால் கலப்படம் என்று. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்று கையேடே போட்டிருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்லவில்லை, நானும் செய்து பார்க்கிறேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு ஈயத்தையும் பூஞ்சண விஷத்தையும் டம்ளர் தண்ணீர் காட்டாது. சோதனைச் சாலையின் வேலையை அடுக்களை மேடையில் செய்யச் சொல்கிறார்கள். சமைப்பதும் நாங்கள், காயவைப்பதும் நாங்கள், கடைசியில் இன்ஸ்பெக்டர் வேலையும் நாங்களா?

பெருங்காயம் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கிற பால் அது. இந்தியாவில் அந்தச் செடியைப் பயிரிட முதல் நாற்றை இமாசலப் பிரதேசத்து லாகுலில் நட்டதே 2020 அக்டோபரில்தான். நாம் வாங்குகிற டப்பாவில் கோந்தும் மைதாவும்தான் பெரும்பங்கு, அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பொடிக்குக் கட்டிப் பெருங்காயம்தான் சரி. எண்ணெயில் பொரித்தால் பொங்கி உப்ப வேண்டும்.

இத்தனை பாடுபட்டுச் சரக்கு வாங்கியாயிற்று என்று வையுங்கள். அடுத்தது வெயில்.

மே 4 வாக்கில் தொடங்குகிற கத்திரி வெயிலில் சென்னை முழுக்க வெந்து போகிறது, அந்த வெயிலில் ஒரு முழம் எனக்குக் கிடையாது. நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் மொட்டை மாடிக்கு இரும்புக் கதவும் பூட்டும் போட்டிருக்கிறார்கள். காரணம் கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள், தண்ணீர்த் தொட்டி என்கிறார்கள், தளத்தில் பூசியிருக்கும் வெள்ளைப் பூச்சு கெட்டுவிடும் என்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்தில் கேட்டேன். "துணி காயப்போடவே பெர்மிஷன் இல்ல மேடம், வத்தல் காயப்போட்டா புறா வரும், அப்புறம் எல்லாரும் கேப்பாங்க" என்றார்கள். எல்லாரும் கேட்டால் என்ன? எல்லார் வீட்டிலும் குழம்பு வைக்கிறார்கள். அந்த மாடியில் பங்கு போட்டுத்தான் ஒவ்வொருவரும் பத்திரம் பதிந்திருக்கிறோம். காரை நிறுத்தக் கோடு போட்டு இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, வருஷத்தில் நாலு நாள் ஒரு பாயை விரிக்க இடம் ஒதுக்கத் தெரியவில்லை.

பால்கனியில் காயவைக்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். என் பால்கனியில் காலை எட்டு மணிக்கு வருகிற வெயில் பத்து மணிக்கு எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. வத்தலுக்கு அது பத்தாது. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை, தளமும் சுட்டு மேலேயும் சுட்டு, இரண்டு மூன்று வெயில் தொடர்ந்து காய்ந்தால்தான் உள்ளிருக்கும் ஈரம் போகும். சாயங்காலம் பனி இறங்கும் முன்னால் வாரி எடுத்துத் துணியில் கட்டி வைத்து, மறுநாள் மறுபடி பரப்ப வேண்டும். ரொம்ப நாள் போட்டுவிட்டாலும் நிறம் வெளுத்துவிடும். காம்பு கிள்ளாமல் காயவைத்து, மில்லுக்குப் போகும் அன்று கிள்ள வேண்டும். முன்னாலேயே கிள்ளினால் வாய் வழியே விதை உதிரும், காற்றிலிருக்கும் ஈரமும் உள்ளே போகும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. கடற்கரை ஊரில் அரைகுறையாகக் காய்ந்த வத்தலை அரைத்தால் ஆடி மாசத்துக்குள் பொடி கட்டி தட்டும், புரட்டாசிக்குள் புழு வைக்கும்.

ஆகவே வெயில் செய்ய வேண்டிய வேலையை அடுப்பில் செய்ய வேண்டியிருக்கிறது. வத்தலை வெறும் சட்டியில் போட்டுச் சூடேற்றினால் கமறல் எழும்பி வீடு முழுக்க இருமும். வீட்டோடு நிற்காது, லிப்ட் வழியே மேல் மாடிக்குப் போகும். போன முறை மேல் வீட்டில் ஆஸ்துமா உள்ள பெரியவர் ஒருவர் சிரமப்பட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. என்னைக் குற்றம் சொல்லலாமா? அதுவும் நியாயமில்லை. திறந்த வெளியில் முடிய வேண்டிய வேலையை அடைத்த பெட்டிக்குள் செய்யவைத்தது யார் என்பதுதான் என் கேள்வி.

வறுப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி அது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்வேன். அவசரப்படுத்துகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி வறுக்கச் சொல்கிறார்கள், அதைக் கேட்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பருமன், ஒரு ஈரம், ஒரு பதம். துவரம்பருப்பு சிவக்கிற நேரத்தில் சீரகம் கருகிப்போகும். அடிகனமான இரும்புச் சட்டி, தீ சிம்மில். முதலில் அரிசி, பொரிந்து வெள்ளையாகும் வரை. பிறகு பருப்புகள், தனித்தனியாக, உள்ளே வரைக்கும் பொன்னிறம் ஆகும்படி. ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்தால் மொறுக்கென்று உடைய வேண்டும். பருப்பில் பச்சை வாடை மிஞ்சினால் குழம்பு பசை பசையாக நிற்கும், பொடியில் வண்டும் முதலில் அங்கேதான் விழும். வெந்தயத்தை நிறம் மாறத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும். சட்டியின் சூட்டிலேயே அது மீதிப் பதத்துக்கு வந்துவிடும். கறுக்க விட்டால் மொத்தப் பொடியும் கசக்கும், எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது. மிளகு வெடிக்கத் தொடங்கினால் போதும். சீரகத்தை அடுப்பை அணைத்தபின் சூட்டில் போட்டுப் புரட்டினாலே போதும். அடுத்து மல்லியை நாலைந்து பங்காகப் பிரித்து வறுக்க வேண்டும். வாசம் எழும்பி, கையில் எடுத்தால் சுட்டு, நசுக்கினால் பொடிவது பதம். அதற்கு மேலே ஒரு நிமிஷம் போனாலும் மல்லியின் மணம் அடுக்களைக் காற்றோடு போய்விடும். மல்லியின் மணமெல்லாம் அதன் எண்ணெயில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி லினலூல் என்று ஒன்று, சூட்டில் ஆவியாகப் பறக்கிற சாதி. பெருங்காயத்தைச் சொட்டு நல்லெண்ணெயில் பொரித்து, அதே சட்டியில் வத்தலை ஒரு புரட்டு. எல்லாவற்றையும் அகலமான தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டு, கல் உப்பு ஒரு பிடி சேர்த்து மில்லுக்கு எடுத்துப் போகலாம்.

எந்த மில்லுக்கு?

எங்கள் பேட்டையில் முன்னால் மூன்று மில் இருந்தன. ஒன்று இருந்த இடத்தில் செல்போன் கடை, இன்னொன்றை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மிச்சமிருப்பது ரயில்வே கேட் தாண்டி ஒரு சந்துக்குள். திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் நடத்துகிறார். மிளகாய்க்குத் தனி மிஷின் வைத்திருக்கும் மில் அது ஒன்றுதான். இந்தத் தனி மிஷின் விஷயம் முக்கியம். ஒரே மிஷினில் எல்லாம் அரைக்கிற இடத்தில் நமக்கு முன்னால் சீயக்காய் அரைத்திருந்தால் நம் பொடி போச்சு. அண்ணாச்சியிடம் வத்தலைக் கொடுத்தால் அவர் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். "அக்கா, இது இன்னும் ஒரு வெயில் காயணும். இப்படியே போட்டா சல்லடை அடைச்சுக்கும், பொடியும் சூடேறி மணம் போயிரும்" என்று திருப்பிக் கொடுத்து அனுப்புவார். அவர் சொல்வது சரி. வெயிலுக்கு நான் எங்கே போவேன் என்று அவரிடம் கேட்டால், "எல்லாரும் இதத்தான் சொல்றாங்கக்கா" என்கிறார். முன்னெல்லாம் சித்திரையில் காலை ஏழு மணிக்கே தூக்குவாளியும் பையுமாக வரிசை நிற்குமாம். இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் மிளகாய் மிஷினை ஓட்டுகிறார். கரண்ட் பில்லும் வாடகையும் கட்டி, தும்மித் தும்மி நெஞ்சு வலியோடு நாள் முழுக்க நின்று கிலோவுக்கு அவர் வாங்குகிற கூலி எனக்கே குறைவாகத் தெரிகிறது. அவர் பையன் இந்தத் தொழிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம்.

மிக்ஸியில் அரைத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். கால் கிலோ, அரைக் கிலோ அரைக்கலாம். அதற்கு மேல் போனால் ஜார் சுடும், பொடியும் சுடும், மணம் மூடியில் ஒட்டிப் போகும். விரலி மஞ்சளைப் போட்டால் பிளேடு தெறிக்கும். இரும்பு உரலில் இடித்துத்தான் போட வேண்டும், கீழ் வீட்டுக்காரர்கள் உடனே மேலே ஏறி வருவார்கள். வத்தல் விதை நறநறவென்று நிற்கும், சலித்துச் சலித்து மறுபடி அரைக்க வேண்டும். மில்லில் ஒரே சீராக விழுகிற மாவு மிக்ஸியில் வராது. மில்லிலிருந்து கொண்டுவந்த பொடியையும் சுடச்சுட டின்னில் அடைத்துவிடக் கூடாது. பேப்பரில் பரப்பி முழுக்க ஆறவிட்டு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடிக்கு அடியில் வியர்த்துத் தண்ணீர் சொட்டும். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புகிற என் மகள் இதை எந்த நாளில் செய்வாள்? லீவு போட்டுச் செய்ய வேண்டும். வத்தல் பொடி அரைக்க லீவு கேட்டால் எந்த ஆபீஸில் கொடுப்பார்கள்?

அவள் பாக்கெட் வாங்குகிறாள். வாங்கட்டும், அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாக்கெட்டைப் பற்றிய பயமும் பொய் இல்லை. 2005இல் சூடான் என்கிற தொழிற்சாலைச் சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சாஸில் சேர்ந்து, இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடையிலிருந்து திரும்ப எடுத்தார்கள். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நம் நாட்டு மசாலா பாக்கெட்டுகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருக்கிறது என்று அவற்றைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லின. புற்றுநோய் உண்டாக்கும் வாயு என்று வகைப்படுத்திய பொருள் அது. இந்தச் செய்தி வந்த வாரத்தில்தான் எங்கள் குடும்ப வாட்ஸப்பில் பெரியவர்கள் வரிசையாக எழுதினார்கள், வீட்டில் அரைக்காததன் பலன் இது என்று. அந்தச் சரக்கைச் சோதித்திருக்க வேண்டியவர்களை ஒருவரும் கேட்கவில்லை. வேலைக்குப் போகும் மருமகள்களைத்தான் கேட்டார்கள். எழுதிய பெரியப்பாக்களும் சித்தப்பாக்களும் ஒருநாளாவது வத்தலுக்குக் காவல் உட்கார்ந்தவர்களா, மில் வரிசையில் நின்றவர்களா? அந்தக் காலத்திலும் அவர்கள் வீட்டுப் பொடியை மூன்று பெண்கள் சேர்ந்து செய்தார்கள். ஒருத்தி வறுக்க, ஒருத்தி புடைக்க, ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. இன்று அந்த மூன்று பேர் வேலையும் ஒருத்தி தலையில் இருக்கிறது, அதுவும் ஆபீஸ் வேலைக்கு மேலே.

எனக்கு வேண்டியதை நான் சங்கத்துக்கு எழுதியே கொடுத்திருக்கிறேன். சித்திரை, வைகாசியில் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை மொட்டை மாடிக் கதவைத் திறந்துவிட வேண்டும், தொட்டிப் பக்கம் வேண்டுமானால் வேலி போட்டுக்கொள்ளட்டும். வீட்டுக்கு இரண்டு நாள் என்று முறை வைத்தால் நாற்பது வீட்டுக்கும் போதும், ஒரே நாளில் நாலு பாய் விரிக்க இடம் இருக்கிறது. புறாவுக்கு வலை நானே வாங்கித் தருகிறேன். எங்கள் தளத்தில் மட்டும் ஆறு பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் தெலுங்குக்காரர்கள், அவர்களுக்கு ஆவக்காய்க்கு மாங்காய்த் துண்டு காயவைக்க வேண்டும். மில் அண்ணாச்சியிடமும் பேசியாயிற்று, இருபது கிலோ சேர்த்துக் கொண்டுவந்தால் முந்தின நாளே மிஷினைக் கழுவித் துடைத்து எங்களுக்கென்று ஒரு காலை ஒதுக்கித் தருகிறேன் என்றார். மனு கொடுத்துப் பங்குனி பாதி போய்விட்டது. செயலாளரைப் படியில் பார்க்கும்போதெல்லாம் "கமிட்டியில வைக்கிறேம்மா" என்கிறார். புது வத்தல் வரத்து இருக்கும்போதே வாங்கினால்தான் விலையும் கட்டும், சரக்கும் நன்றாக இருக்கும். சாவி கிடைக்குமா என்று தெரியாமல் ஐந்து கிலோ வத்தலை வாங்கி எந்த மூலையில் வைப்பது என்று சொல்லச் சொல்லுங்கள் அவரை.